மூக்குக்கு ஒரு வருடம் கொடு

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டாய்: "அத்தை, என் மூக்கு இப்படியேதான் இருக்குமா?" இருக்காது. இத்தனை வருடம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், நம்பு.

மூக்கைத் திருத்தும் ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள். வீக்கம் உச்சத்தில் இருக்கும் நேரம் இதுதான். மூக்கெலும்பை உடைத்து அமைக்கும்போது கசிகிற ரத்தம், கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய தோலில் வந்து தேங்கும். அந்தக் கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு வாரம் போல ஆனதும் மூக்கின் மேல் போட்ட கட்டை டாக்டர் பிரிப்பார். அன்றைக்கு நீ பார்க்கப்போவதும் உன் மூக்கு அல்ல, வீங்கிய மூக்கு. அகலமாக, நுனி தூக்கலாகத் தெரியும். பெரிய வீக்கம் சில வாரங்களில் வடியும். நுனியில் உள்ளது மட்டும் மெதுவாக, ஒரு வருடம் வரை எடுத்துக்கொண்டு வடியும். தோல் தடிமனாக உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும்.

கவாத்து வெட்டிய தேயிலைக் காடு மொட்டைக் குச்சியாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து யாரும் செடி பட்டுப்போச்சு என்று சொல்வதில்லை. மறுபடி கொழுந்து பறிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். நீயும் தோட்டத்தில் வளர்ந்தவள்தானே. தினமும் செல்பி எடுத்துப் பழைய போட்டோவோடு வைத்துப் பார்க்காதே. அழுகை வந்தால் அழு. மயக்க மருந்து, தூக்கமின்மை, மூக்கடைப்பு எல்லாம் சேர்ந்து இந்த வாரம் மனதைக் கீழே இழுக்கும். நிறையப் பேருக்கு இப்படி ஆகும். தப்பான முடிவு எடுத்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை.

நாளைக்கே மலையேறி வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்றாய். வேண்டாம். கட்டைப் பிரித்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கோயம்புத்தூரிலேயே இரு. மேட்டுப்பாளையம் தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவு. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் குமட்டும். ஓங்கரித்து வாந்தி எடுத்தால் முகத்தில் ரத்த அழுத்தம் ஏறி மூக்கில் ரத்தம் வரலாம். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால், ஆபரேஷன் செய்தவரிடம் அவசரத்துக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

வந்த பிறகும் கவனம் வேண்டும். மூக்கடைப்பு என்று சொன்னதும் அம்மா ஆவி பிடிக்கச் சொல்வாள், பாட்டி நீலகிரித் தைலத்தை எடுத்து வருவாள். இரண்டையும் அன்பாக மறுத்துவிடு. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கசியும், தைலம் புண்ணை எரிக்கும். மஞ்சள் பத்தும் கூடாது. இங்கே பனிக்காலக் காற்று குளிர்ந்து உலர்ந்தது. மூக்குக்குள் பொருக்கு கட்டும். அதை விரலால் நோண்டாதே. டாக்டர் தந்த உப்புநீர் ஸ்ப்ரே போதும்.

தலையை உயர்த்தி, மல்லாந்து படு. இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. குனிந்து கனம் தூக்காதே. விறகடுப்புப் புகைப் பக்கம் போகாதே. உப்பையும் ஊறுகாயையும் குறை, வீக்கம் சீக்கிரம் வடியும். வர்க்கி தின்ன ஆசையாக இருந்தால், சூடு ஆறிய டீயில் நன்றாக ஊறவைத்துத் தின்னு. கண்ணாடி மூக்கெலும்பில் உட்காரக் கூடாது, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் கேள். மூக்குத்திக்கும் அவர் சம்மதம் வேண்டும். தலைவலிக்கு நீயாக ஆஸ்பிரின் போடாதே, அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். குளிர்கிறதே என்று வெயிலில் உட்காராதே. மலை வெயில் கீழே உள்ளதைவிட அதிகமாகத் தோலைச் சுடும்.

ரத்தம் நிற்காமல் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், வலியும் அடைப்பும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகினாலும், பார்வை மங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நேரமே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போ. அப்போது மலையில் இருந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ.

தோட்டத்து லயன் வீடுகளில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். அதற்காகக் கூசாதே. மூக்கு ஆபரேஷன் நம் நாட்டுக்குப் புதிதல்ல, ஒரு பழைய கதை சொல்கிறேன். 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பக்கத்தில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இது படத்தோடு வந்தது. அந்த முறையைப் பின்பற்றித்தான் 1814-ல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் மூக்கு அறுவை செய்தார். அந்தப் பத்திரிகைக் குறிப்பில் என்னைக் கவர்ந்தது கத்தி வேலைக்குப் பிறகு நடந்ததுதான். ஐந்தாறு நாள் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். பத்தாம் நாள், மூக்குத் துளை அடைபடாமலிருக்க மெல்லிய துணி வைத்தார்கள். நெற்றியோடு இணைந்த தோலை ஏறக்குறைய 25-ஆம் நாள்தான் வெட்டினார்கள். அவர் இழந்ததை மீட்டார், நீ விரும்பிச் செய்துகொண்டாய். இரண்டிலுமே வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பு ஆறுகிற விதியும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு வருடம் போகட்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் பேசுவோம், நானும் கூட வருகிறேன். திருத்த ஆபரேஷன் பற்றிப் பொதுவாக அதற்கு முன்னால் யோசிக்கவும் மாட்டார்கள். ஆகவே இன்றைக்கு நீ தீர்மானிக்க வேண்டியது எதுவுமே இல்லை. மருந்தை வேளைக்குப் போட்டுத் தூங்கு. ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி வருகிறேன்.

அன்புடன்,
அத்தை