வெற்றுப் புத்தகத்துக்குக் கிடைத்த மதிப்பெண்



"மத்தவங்க பார்த்திருப்பாங்க, நாம எதுக்குப் பார்க்கணும்?" இந்த எண்ணம் எவ்வளவு பெரிய தவறில் கொண்டுபோய் விடும் என்பதை, ஒரு விஞ்ஞானியின் அனுபவத்திலிருந்து இந்த மாதப் பாடமாகப் படிப்போம்.

அவர் பெயர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன். 1918-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தவர். இயற்பியலுக்காக 1965-இல் நோபல் பரிசு பெற்றவர். 1988-இல் காலமானார். தன் அனுபவங்களை ஒரு நண்பரிடம் கதை போலச் சொன்னார். அது 1985-இல் புத்தகமாக வந்தது.

சின்ன வயதில் அவர் அக்கம்பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்வார். ஒரு வீட்டு ரேடியோ, போட்டவுடன் பயங்கரமாக இரைந்து, பிறகு அடங்கியது. பையன் உடனே அதைப் பிரிக்கவில்லை. அங்கும் இங்கும் நடந்து யோசித்தான். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே இருந்த வால்வுகள் முன்பின்னாகச் சூடாவதுதான் காரணம் என்று பையனுக்குப் பட்டது. வால்வுகளை இடம் மாற்றிப் போட்டான். இரைச்சல் நின்றது! அதே மனிதர் பிறகு, "யோசிச்சே ரேடியோவைச் சரி பண்ற பையன்" என்று எல்லாரிடமும் சொன்னாராம்.

பெரியவரான பிறகும் இந்தக் குணம் மாறவில்லை. 1960-களில் கலிஃபோர்னியா மாநிலத்தில் பள்ளிக் கணக்குப் புத்தகங்களைத் தேர்வு செய்யும் குழுவில் அவரைச் சேர்த்தார்கள். மற்ற உறுப்பினர்கள் புத்தகங்களைப் பலரிடம் கொடுத்து அபிப்பிராயம் வாங்கினார்கள். இவரோ அத்தனையையும் தானே உட்கார்ந்து படித்தார். புத்தகக் கம்பெனிகள் தந்த பரிசையும் விருந்தையும் ஏற்கவில்லை.

கூட்டத்தில் ஒரு புத்தகத்துக்கு இவர் மதிப்பெண் போடவில்லை. காரணம், அது இவருக்கு வந்து சேரவே இல்லை. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. அச்சு வேலை முடியாததால், கம்பெனி வெறும் அட்டையைப் போட்டு, உள்ளே வெற்றுத்தாளை வைத்து அனுப்பியிருந்தது. ஆனால் அதற்கும் சிலர் மதிப்பெண் போட்டிருந்தார்கள்! அதே வரிசையில் வந்த மற்ற இரண்டு புத்தகங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தார்கள்!

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை அதிகம். யாராவது படித்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

ஃபெய்ன்மன் இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். சீனச் சக்கரவர்த்தியை யாரும் பார்க்கக் கூடாது. அவர் மூக்கு எவ்வளவு நீளம் என்று நாடு முழுக்கக் கேட்டுச் சராசரி எடுத்தால் சரியான அளவு கிடைக்குமா? பார்க்காத ஆயிரம் பேர் சொல்வதைவிட, பார்த்த ஒருவர் சொல்வதே மேல்.

சகோதரிகளே, இதைப் படிக்க நோபல் பரிசு வேண்டியதில்லை. தீர்மான நோட்டிலோ கடன் பத்திரத்திலோ நாம் போடும் கையெழுத்தும் ஒரு மதிப்பெண்தான். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும், "முழுசா வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்று கேட்கலாம். கேட்பது வெட்கம் இல்லை, அது நம் உரிமை.

குழுவில் பேசுவோம்:
1. கடைசியாக நாம் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது?
2. "எல்லாரும் சொல்றாங்க" என்று நாம் நம்பியதை, நேரில் பார்த்தவர் யார்?
3. கேள்வி கேட்கும் உறுப்பினரை நாம் எப்படி நடத்துகிறோம்?