போறணை இல்லாமல் தேன் சீஸ் கேக்

சீஸ் கேக் கடைப் பண்டம் என்று நினைக்க வேண்டாம். லயத்து வீட்டிலேயே செய்யலாம்.

1 லீற்றர் தயிரை சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, 4 மணித்தியாலம் தொங்கவிடுவோம். 100 கிராம் மேரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய மாஜரின் 50 கிராம் சேர்த்து, தட்டில் அழுத்துவோம். நீர் வடிந்த தயிரில் தேன் 4 மேசைக்கரண்டி விட்டு நல்லா அடித்து, மேலே பரப்பி, குளிரான இடத்தில் 2 மணித்தியாலம் மூடி வைப்போம். இறுகி நிற்காது, கரண்டியால் எடுத்து அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேணும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் சில வேளை இருக்கும் கிருமி வித்து, பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகும், காய்ச்சினாலும் சாகாது. மலம் இறுகி, பால் குடிக்கச் சோர்ந்து, அழுகை மெலிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்.