வளர்க்கக் கொடுத்த சம்பளம்

வேதபாடம்: யாத்திராகமம் 2:1-10



நைல் நதியோரத்து நாணற்பெட்டியின் கதையை ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். ஆனால் பார்வோனின் குமாரத்தி செய்த ஏற்பாட்டை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குழந்தையை அதன் சொந்தத் தாயிடமே ஒப்படைத்து, வளர்ப்பதற்குச் சம்பளமும் கொடுத்தாள். ஓர் ஏழைப் பிள்ளையின் மேல்வகுப்புப் படிப்பைத் தாங்க விரும்புவோருக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

1. தேவையைச் சொல்ல ஒருவர் வேண்டும்

குழந்தையின் தமக்கை தூரத்தில் நின்று கவனித்தாள்; சமயம் வந்தபோது துணிந்து பேசினாள். தகப்பன் நோயில் விழுந்தால், பல வீடுகளில் முதலில் நின்றுபோவது மூத்த பிள்ளையின் படிப்பு. இதை எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதுவதில்லை. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியவே, இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது நிறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. ஆக, ஒரு வாசல் அடைபடும் வயதிலேயே மற்றொன்று திறக்கிறது. நோயாளிகளைச் சந்திக்கும்போது, "பிள்ளைகள் என்ன வகுப்பு படிக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள்.

2. வீட்டையும் தாங்க வேண்டும்

தாய்க்குச் சம்பளம் கிடைத்தது. பிள்ளை தாய்மடியிலேயே வளர்ந்தது. "அரசுப் பள்ளியில் புத்தகம், பஸ் பாஸ், பதினோராம் வகுப்பில் சைக்கிள் எல்லாம் இலவசம்தானே, பணம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதைவிட, பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலி இல்லாமல் அந்த வீடு சமாளிக்க வேண்டும். உங்கள் காணிக்கை அந்த இடத்தை நிரப்புகிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழிப் படிப்புதவித் தேர்வில் தெரிவாகிறவர்களுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவதும் ஊழியமே.

3. முடியும்வரை தாங்கி, பின்பு விட்டுவிட வேண்டும்

பிள்ளை வளரும்வரை அந்த ஏற்பாடு நிலைத்தது. ஒன்பதாம் வகுப்பில் தாங்கிவிட்டு, பொதுத்தேர்வு வருடத்தில் கைவிடுவது பிள்ளையை நடு ஆற்றில் விடுவதாகும். நான்கு ஆண்டுகளுக்கும் வாக்குக் கொடுங்கள். ஒரு குடும்பத்தால் இயலாவிட்டால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து கொடுங்கள். மோசே எகிப்தின் கல்வியைக் கற்றும், அரண்மனை எதிர்பார்த்த வழியில் போகவில்லை; தன் ஜனத்திடம் போனான். கொடுத்தவர் பிள்ளைக்குச் சொந்தக்காரர் அல்ல. நன்றிக் கடிதத்தையோ, நாம் விரும்பும் வேலையையோ கட்டளையாக்க வேண்டாம்.

சிந்திக்க:

1. நம் சபையில், தெருவில், எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை யார்?
2. நான் கொடுக்கும் வாக்கு எத்தனை ஆண்டுகளுக்கு?

நதியோரத்துப் பிள்ளையைக் கண்ட தேவன், நம் கண்களையும் திறப்பாராக. ஆமென்.

ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்