கவனக்குறைவு மட்டும்தானா?



ஒர்க்‌ஷாப்பில் யாருக்காவது அடிபட்டால் நாம் உடனே சொல்வது, “கவனமில்லாம வேலை செஞ்சான்” என்பதுதான். அப்படிச் சொல்லுமுன் இயந்திரத்தையும் ஒரு தடவை பார் என்கிறது எர்கனாமிக்ஸ்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விநோதம். நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, பைலட் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் மோதிப் படுத்துவிடும். செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. 1943-இல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியல் அறிஞர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில்! ஸ்விட்சுகள் அப்படி அமையாத சி-47 விமானத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை. அவர் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது. சக்கர ஸ்விட்சின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப் ஸ்விட்சில் ஆப்பு வடிவத் துண்டு. தொட்டாலே கைக்குத் தெரியும். பயணிகள் விமானங்களில் இன்றும் லேண்டிங் கியர் லீவரின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

விமானம் இருக்கட்டும், நம்ம பவர் பிரஸ்ஸுக்கு வருவோம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும். அப்போது விரல் டைக்குள் இருக்க முடியாது. நான் இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு கம்பெனியில், ஒரு பட்டனில் மரச் சக்கையைச் செருகி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள்.

“ஏண்ணே இப்படி?”

“பட்டன் தோளுக்கு மேல இருக்கு தம்பி. ஒரு மணி நேரம் நின்னு பாரு, அப்புறம் பேசு.”

நின்று பார்த்தேன். அரை மணியிலேயே தோள் கடுத்தது. (எட்டு மணி நேரம் நிற்கிறவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?)

இரண்டு பட்டனையும் 0.5 விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்று சர்க்யூட் அமைத்தால் சக்கை பலிக்காது. ஆனால் உயரத்தைச் சரிசெய்யாமல் சர்க்யூட்டை மட்டும் மாற்றினால், அந்த அண்ணன் தோள்வலியோடு வேறு வழி தேடுவார் என்பது என் எண்ணம். வலிக்குக் காரணம் அப்படியே இருக்கிறதே!

பெஞ்ச் வைஸின் மேல்பக்கம் முழங்கை உயரத்தில் இருக்கணும் என்று ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வருஷமே படித்தோம். அதுவும் எர்கனாமிக்ஸ்தான், பெயர்தான் யாரும் சொல்லவில்லை. ஃபைனல் இயர் புராஜெக்டில் பட்டன் பாக்ஸ் வரையும்போது டேப்பை எடுங்கள். உங்கள் பேட்சில் ரொம்பக் குள்ளமானவர், ரொம்ப நெட்டையானவர் இருவரின் முழங்கை உயரத்தையும் அளந்து பார்த்துவிட்டு வரையுங்கள்.