பிரேக்கர் விழுந்தால்: மோட்டார் ஹோமில் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் எடுத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் புறப்படும் தம்பி, தங்கைகளே! கேம்ப்கிரவுண்டில் கேபிளைச் செருகி, ஏசியைப் போட்டு உட்கார்ந்ததும் பிரேக்கர் விழுவது சகஜம். தூக்கிவிடக் கை பரபரக்கும். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. விழுந்த விதத்தைக் கவனியுங்கள். போட்ட நொடியே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். சில நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு, இல்லையென்றால் எங்கோ லூஸ் கான்டாக்ட் சூடேறுகிறது. அந்த நேரத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

2. லோடைக் கணக்குப் போடுங்கள். 30 ஆம்பியர் வண்டிக்கு 120 வோல்ட்டில் கிடைப்பது 3600 வாட்தான். கூரை ஏசி சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவே. வெந்நீர் ஹீட்டரின் 1400 வாட் எலிமென்ட் 12 ஆம்பியர். மூன்றையும் சேர்த்துப் போட்டால் 38 ஆகிவிடும், பிரேக்கர் விழத்தான் செய்யும். கேஸிலும் ஓடும் ஹீட்டர், ஃபிரிட்ஜ் என்றால் கேஸுக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் ஓடும் நேரம் ஏசியை நிறுத்துங்கள்.

3. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எல்லா பிரேக்கரையும் அணைத்து, முதலில் மெயினைப் போடுங்கள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக. விழுந்த பிரேக்கர் நடுவில் நிற்கும். முழுக்க ஆஃப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். எந்தச் சர்க்யூட் போட்டதும் விழுகிறதோ, அதிலுள்ள சாமான்களைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரை மறந்துவிடாதீர்கள். பேட்டரி இறங்கியிருந்தால் அதுவும் நிறைய இழுக்கும்.

4. ஜிஎஃப்சிஐ என்ற கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்தால் அது வேறு கதை. சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். வெளிப்பக்க ப்ளக் பாயின்ட்டில் மழைத் தண்ணீர் புகுந்திருக்கிறதா, ஹீட்டர் எலிமென்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். டேங்கில் தண்ணீர் இல்லாமல் எலிமென்ட்டைப் போட்டால் சீக்கிரமே எரிந்துவிடும்.

5. வோல்ட்டேஜைப் பாருங்கள். கோடை மாலையில் கேம்ப்கிரவுண்ட் முழுக்க ஏசி ஓடும்; வோல்ட்டேஜ் இறங்கும். இறங்கினால் கம்ப்ரஸர் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். 105க்குக் கீழே போனால் ஏசியை அணைத்துவிடுங்கள்.

6. கேபிளின் தலையைப் பாருங்கள். கேபிளைச் செருகும் கேம்ப்கிரவுண்ட் வெளிப்பெட்டியின் பிரேக்கரை அணைத்த பிறகே ப்ளக்கை உருவுங்கள். பித்தளைப் பின் கறுத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அந்த ப்ளக்கை மாற்றியே ஆக வேண்டும். பெட்டியின் சாக்கெட்டும் அப்படியே கருகியிருந்தால் வேறு இடம் கேளுங்கள்.

7. பெரிய பிரேக்கர் போடாதீர்கள். 15 ஆம்பியர் பிரேக்கர் 14 கேஜ் ஒயருக்கானது. 20 ஆம்பியருக்கு 12 கேஜ் வேண்டும். மெல்லிய ஒயரில் பெரிய பிரேக்கர் போட்டால் பிரேக்கர் நிற்கும், ஒயர் எரியும். மரமும் ஃபோமும் நிறைந்த சுவருக்குள் தீ பிடித்தால் வெளியே ஓடக்கூட நேரம் இருக்காது.

8. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டியின் கதவைத் தொட்டால் சுரீரென்கிறதா? கருகல் வாடை வருகிறதா? எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுகிறதா? வெளிப்பெட்டியிலேயே கரண்டை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சாலை அதிர்வில் திருகுகள் தளர்ந்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். அது பழகியவர் பார்க்க வேண்டிய வேலை.

ஒருமுறை தூக்கிவிடுங்கள், தவறில்லை. மறுபடி விழுந்தால், காரணம் தெரியும்வரை அதில் கை வைக்காதீர்கள். உள்ளே தூங்குவது உங்கள் பிள்ளைகள்.