புயலுக்கு முன்னே வீட்டு மரத்தைப் பார்ப்போம்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தபோது, தென்னையோடு வீட்டோர மாமரங்களும் சாய்ந்தன. ஐப்பசி மழைக்கு முன், ஆவணியிலேயே நம் மரங்களைச் சுற்றிப் பார்ப்போம். காய்ந்த கிளை, பொந்து, அடியில் காளான், வேரோரம் மண் வெடிப்பு இருக்கா?

உச்சியை மொட்டையடிக்கச் சொல்லாதீங்க. அங்கே துளிர்க்கிற கிளைக்குப் பிடிப்பு குறைவு. பிறகு அதுதான் கூரை மேல விழும். நெருக்கமான கிளைகளில் சிலதை மட்டும் கழித்தால் போதும், காற்று ஊடே போகும். பெரிய கிளையென்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்கணும். இல்லாட்டி பட்டை தண்டு வரைக்கும் கிழியும். மிஞ்சிய கட்டையை, கிளை பிறக்கும் புடைப்பைத் தொடாமல் எடுத்தால் காயம் மெல்ல மூடும். தார் பூச வேண்டாம்.

கூலி கூடினாலும் இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிற, பழகின ஆளையே கூப்பிடுவோம். மின்கம்பி உரசினால், மின்சார அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே அரிவாள்.