நேந்திரங்காய் வறுவல்

அவித்தல், சுடுதல், வாட்டல், வதக்கல், வறுத்தல், பொரித்தல் எனச் சமையற்றொழிலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. தீயும் நீரும் நெய்யும் பொருளோடு கூடும் வகையை அவை ஒவ்வொன்றும் வேறுபடுத்திக் காட்டுவன. வெறுஞ்சட்டியில் இட்டுக் கிளறுவது வறுத்தல். காய்ந்த எண்ணெயில் மூழ்குவிப்பது பொரித்தல். இவ்வரையறையின்படி நோக்கின், நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் இட்டு எடுக்கும் பண்டம் ‘பொரியல்’ என்றே பெயர் பெறல் வேண்டும். மக்களோ அதனை ‘வறுவல்’ என்கின்றனர். வழக்கு வழுவுடையதோ என ஆராயும் விருப்பினால் யாம் நூலகத்தை விட்டு அடுப்பங்கரைக்குச் சென்று, அச்செய்தொழிலை அடிமுதல் முடிவரை நோக்கினோம். மக்கள் வழக்கே செப்பமுடையது என்பது எமது துணிபு.

வறள், வறட்சி, வறுமை, வற்று, வற்றல், வறு என்பன யாவும் ஒரு வேரினின்று கிளைத்தவை. ஈரம் நீங்குதலே அவ்வேரின் பொருள். பச்சை நேந்திரங்காயில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு நீரே. நன்கு மொறுமொறுத்த வறுவலிலோ அந்நீர் ஐந்து பங்குக்கும் குறைவு. ஆகவே எண்ணெயில் நிகழ்வது உண்மையில் நீர் வற்றுதலேயாம். எண்ணெய் அதற்குக் கருவி மாத்திரையே. இதனை உளங்கொண்டால் பின்வரும் முறைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

நேந்திரனைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் ‘ஏத்தன்’ என்பர். 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த நிலம் ஆதலின், அண்டை நாட்டு உணவு வழக்கம் அங்குப் பெரிதும் கலந்துள்ளது. கேரளத்தில் இவ்வறுவல் ‘உப்பேரி’ எனப்பட்டு ஓணத்து இலையில் தவறாது இடம்பெறும்.

அம்மாவட்டத்து வாழைப் பயிர்க்குக் காற்றே பெரும்பகை. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் தாக்கியபோது வாழைத்தோட்டங்கள் பல ஒரே நாளில் சாய்ந்தன. புயல் வேண்டா, பருவமழையோடு வரும் சுழற்காற்றே குலை தள்ளிய வாழையை முறித்துவிடப் போதியது. ஓராண்டுக் காலம் நீரும் உரமும் இட்டு, முட்டுக்கொடுத்துக் காத்த குலை அறுவடைக்குச் சின்னாள் முன்னர் மண்ணில் வீழ்ந்தால், அது செவ்வனே பழுக்காது. வணிகரும் விலை குறைத்தே கேட்பர். அந்நிலையில் அக்குலையை வீணாகாது காக்கும் வழிகளுள் இவ்வறுவல் ஒன்று. பழுப்பதற்கு ஆகாத காய் வறுப்பதற்கு ஆகும். ஆயினும் முற்றிலும் பிஞ்சாய் வீழ்ந்தது இதற்கும் பயன்படாது என்பதை நினைவிற் கொள்க.

காயைத் தேர்தலே இத்தொழிலிற் பாதி. நேந்திரங்காயின் பக்கங்களில் நீளவாட்டில் விளிம்புகள் உள. பிஞ்சில் அவை கூர்மையாய் நிற்கும். முற்ற முற்றச் சதை நிரம்பி விளிம்பு மழுங்கும். வறுவலுக்கு உரியது, விளிம்பு மழுங்கியும் தோல் பச்சை மாறாதும் உள்ள காய். பிஞ்சாயின் மாச்சத்துப் போதாமையால் வறுவல் சுருங்கி விறைக்கும். பழுக்கத் தொடங்கியதாயின் மாச்சத்துச் சர்க்கரையாக மாறிவிடும். சர்க்கரையோ எண்ணெயில் விரைந்து கருகும். உள்ளே ஈரம் வற்றுமுன் மேலே நிறம் கறுத்துவிடும் ஆதலின், மஞ்சள் தோன்றிய காயைப் பழுக்கவிட்டு உண்பதே நன்று.

இனித் தோல் உரித்தல். வாழைக்காயின் கறை கையிலும் துணியிலும் பட்டால் எளிதிற் போகாது. முன்னரே கைகளிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்க. காயின் இருமுனையையும் அரிந்துவிட்டு, விளிம்புகளின் வழியே தோலின் கனத்தளவு கீறிப் பெருவிரலால் நெம்பினால் தோல் பட்டைபட்டையாய் எழும்பும். உரித்த காயைக் காற்றுப்பட வைத்தால் கறுக்கும். ஆதலின் மஞ்சட்பொடி கலந்த நீரில் அதனை அரைமணி நேரம் இட்டு வைப்பர். கறை நீங்குவதோடு நிறமும் ஏறும். உரித்த தோலை எறிந்துவிட வேண்டா. பொடியாய் அரிந்து பயற்றோடு சேர்த்துத் தேங்காய் இட்டுச் செய்யும் துவரன் சோற்றுக்கு நல்ல துணை. துவர்தல் என்பதற்கும் உலர்தல் என்னும் பொருள் உண்டு என்பதைத் தமிழ் மாணவர் கண்டு மகிழ்வாராக.

நீரினின்று எடுத்த காயைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, சீவல் கட்டையில் வட்டவட்டமாய்ச் சீவுக. கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவினதாய், எல்லா வில்லைகளிலும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஒன்று மெல்லிதாயும் மற்றொன்று தடித்தும் இருப்பின், மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாகவே இருக்கும். கடைகளில் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே கட்டையைப் பிடித்துச் சீவுவர். அது கைதேர்ந்தார் செயல். வீட்டில் அதனை மேற்கொள்ளாதிருத்தல் அறிவுடைமை. வெள்ளைத் துணியின் மேல் சீவிப் பரப்பிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு உதிர்த்து இடுவதே தக்கது.

எண்ணெய் தேங்காயெண்ணெயே. மணத்தின் பொருட்டு மட்டுமன்று. அதன் கொழுப்பிற் பெரும்பகுதி எளிதில் காற்றோடு கூடிச் சிக்கடையாத இயல்பினது. இரண்டு காய்க்கு அரை லிட்டர் போதும். ஆனால் வாணலியிற் பாதிக்குமேல் எண்ணெய் நிற்றல் ஆகாது. எண்ணெய் 170 பாகை செல்சியசு அளவு காய்தல் வேண்டும். வெப்பமானி இல்லாதார் ஒரு வில்லையை இட்டுப் பார்க்கலாம்: அமிழ்ந்து உடனே குமிழியோடு மேலெழுந்தால் பதம். எண்ணெய் காயாதிருப்பின் வில்லை நெடுநேரம் கிடந்து எண்ணெய் குடித்துத் துவளும். புகை எழும்பினால் அடுப்பை உடனே தணிக்க.

வில்லைகளை இட்டவுடன் பொங்கும் குமிழிகள் எண்ணெயின் கொதிப்பு என எண்ணுவார் பலர். அவை காயினுள் இருந்த நீர் ஆவியாய் வெளியேறும் குமிழிகளே. உள்ளே நீர் உள்ளவரை வில்லையின் உட்புறம் நூறு பாகையை ஒட்டியே நிற்கும்; நீர் வற்றியபின்னரே வெப்பம் ஏறி நிறம் மாறும். குமிழி அடங்குவது கண்ணுக்கு அடையாளம். கரண்டியால் புரட்டும்போது சருகு உரசுவது போன்ற ஓசை செவிக்கு அடையாளம்.

குமிழி குறையத் தொடங்கும் வேளையே உப்பிடும் வேளை. முன்னரே உப்பிட்டால் காய் நீர் கசியும். எடுத்தபின் தூவினால் உப்புச் சமமாய் ஒட்டாது. ஆதலின் மூன்று கரண்டி நீரில் ஒரு சிறுகரண்டி உப்பும் சிறிது மஞ்சளும் கரைத்து வைத்து, அதில் ஒரு சிறுகரண்டியளவு எண்ணெயில் விடுவர். நீர் எண்ணெயினடியில் சென்று நொடியில் ஆவியாய் வெடித்தெழும்; எண்ணெயிற் கரையாத உப்பு வில்லைகளின்மேல் படியும். காண்பதற்கு வியப்பாயினும் இத்தொழிலில் இடர் மிக்க இடமும் இதுவே. ஒரு சிறுகரண்டிக்கு மேல் ஒருகால் விடலாகாது. விட்டவுடன் சற்று விலகி நிற்றல் வேண்டும். சிறார் அருகிலிருத்தல் கூடவே கூடாது. எண்ணெய் தீப்பற்றுமாயின் நீரை ஊற்றாது, அடுப்பை அணைத்து, பொருந்திய மூடியால் வாணலியை மூடுக. தீக்காயத்தால் வாடுதலினும் உப்பின்றி உண்டல் மேலாதலின், இம்முறைக்கு அஞ்சுவோர் எடுத்தவுடன் சூட்டிலேயே தூளுப்புத் தூவிக் குலுக்கிக்கொள்க.

சலசலப்பு முற்றும் ஓய்ந்தபின், பொன்னிறமாய் இருக்கும்போதே அரித்தெடுத்தல் வேண்டும். மாச்சத்துள்ள உணவு மிகு வெப்பத்தில் கருகும்போது அக்ரிலமைடு என்னும் தீயபொருள் மிகுதியாய்த் தோன்றுவதை 2002-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். எடுத்த வில்லைகளை உடனே கண்ணறையுள்ள தட்டில் பரப்புக. வறுவல் பெரும்பான்மையும் எண்ணெயை உறிஞ்சுவது வாணலியில் அன்று. வெளியே எடுத்து ஆறும்போதுதான். உள்ளிருந்த ஆவி குளிர்ந்து சுருங்க, மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். ஆதலின் சூடு தணியுமுன் எண்ணெயை வடித்துவிடுவதே வழி.

சீவ இயலாது எஞ்சும் காய்முனைகளைத் தடித்த துண்டுகளாக்கிப் பொரித்து, வெல்லப்பாகும் சுக்குப்பொடியும் சேர்த்துப் புரட்டினால் அது தனிப் பண்டமாம். வறுவலோ, கைபட்டுக் குளிர்ந்தபின்னரே தகரப்பெட்டியில் இடத்தக்கது. இளஞ்சூட்டில் மூடினால் ஆவி நீராகி, வற்றச்செய்த ஈரம் மீண்டும் புகும். நன்கு மூடிய பெட்டியில் இரண்டு வாரம் வரை மொறுமொறுப்புக் குன்றாது. மாணவர் விடுதிக்குக் கொண்டுவரப்பெறும் பெட்டிக்கு இக்கணக்குப் பொருந்தாது.